இருபதாவது நிமிடம்

அக்டோபர் 4, சனி

மாசிலாமணி எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வந்து பட்டறையில் இறக்கினான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது என்றான். எத்தனை நேரம் ஓடியது என்று கேட்டேன். இருபது நிமிடம் இருக்குமாம். மறுபடி கயிற்றை இழுத்தால் ஓடுகிறதாம். மறுபடி இருபது நிமிடத்தில் நிற்கிறதாம்.

படகின் பின்னால் மாட்டும் சின்ன எஞ்சின். நான்கு வருடமாக நான்தான் பார்த்துவருகிறேன், இதுவரை ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. பிளக் கறுத்திருந்தது, மாற்றினேன். தண்ணீர் டிரம்மில் மாட்டி, என் கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்து, அரை மணி நேரம் ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. எடுத்துக்கொண்டு போடா என்று அனுப்பிவிட்டேன்.

இந்த டைரி கடலூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுத்தது. எந்த எஞ்சினுக்கு என்ன செய்தேன் என்று இரண்டு வரி குறித்துக்கொள்ளத்தான் வைத்திருக்கிறேன். இன்று இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், வீட்டில் பேச ஆள் இல்லை. தையல்நாயகி இருக்கிறாள்தான். ஆனால் என் பெண்டாட்டி இப்போதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறாள். வாயைத் திறந்து பேசினால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு?

அக்டோபர் 6, திங்கள்

மறுபடி நின்றுவிட்டதாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

கார்ப்பரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு துளையாக ஊதி, பெட்ரோலில் அலசி மாட்டினேன். பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வையும் மாற்றினேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு அவனைத் துணியில் வடிகட்டி ஊற்றச் சொல்லியிருக்கிறேன். டிரம்மில் முக்கால் மணி நேரம் ஓடியது. நிற்கவே இல்லை. என்னிடம் ஓடுகிற சனியன் அவனிடம் மட்டும் ஏன் நிற்கிறது?

ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டுப்பார்த்தேன். முன்பெல்லாம் அப்படி வைத்தால் உள்ளே பேரிங் உருளுவதுகூடத் தனியாகத் தெரியும். இப்போது பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டால்தான் ஏதோ கொஞ்சம் தெரிகிறது. இந்தக் காலத்து ஸ்குரூடிரைவர் எல்லாம் வெறும் பிளாஸ்டிக். எதற்கும் லாயக்கில்லை.

மாசிலாமணியிடம் கண்டிப்பாகச் சொன்னேன், இது சரியாகும்வரை முகத்துவாரத்துக்கு வெளியே போகாதே என்று. ஆறு கடலில் விழும் அந்த இடத்தில் இப்போதே அலை மடிந்து அடிக்கிறது. வாடைக்காற்றும் கிளம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். அதன் நடுவில் எஞ்சின் நின்றால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும், அப்புறம் ஆள் மிஞ்சமாட்டான். அவனும் அவன் தம்பி செங்குட்டுவனும் மட்டும்தான் அந்தப் படகில் மீனுக்குப் போகிறார்கள். வெளியே போகாமல் சோற்றுக்கு என்ன செய்வதுண்ணே என்றான். நியாயமான கேள்விதான்.

சாயங்காலம் வீட்டில் ஒரு கூத்து. தையல்நாயகி கடைக்குப் போகும்போது, குக்கர் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. பருப்பு கருகிவிட்டது. கேஸ்கெட் போய்விட்டது, நாளைக்குப் புதிது வாங்கிவருகிறேன் என்றேன். பக்கத்து வீடு வரைக்கும் விசில் கேட்டதாம். சண்டை போட வேண்டும் என்றே சொல்கிறாள்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று நானே அவர்களோடு படகில் ஏறி ஆற்றில் போனேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டேன். பதினெட்டாவது நிமிடத்தில் எஞ்சின் திணற ஆரம்பித்தது. இருபதில் நின்றது.

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவே, கையால் பிசைந்து பெட்ரோல் ஏற்றுகிற ரப்பர் உருண்டை ஒன்று இருக்கும். அது ஒட்டிச் சப்பையாகக் கிடந்தது. பெட்ரோல் தீர்ந்ததா பார் என்றேன். மாசிலாமணி டேங்க் மூடியைத் திறந்தான். திறந்தவன் டேங்குக்குள் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். என்னடா என் மூஞ்சியில் எழுதியிருக்கிறதா, உள்ளே பார் என்றேன். பாதிக்கு மேல் இருந்தது. மூடினான், உருண்டையைப் பிசைந்தான், கயிற்றை இழுத்தான், ஓடியது. அடுத்த இருபது நிமிடத்தில் மறுபடி நின்றது. மறுபடி திறந்தான், மறுபடி என் மூஞ்சியைப் பார்த்தான்.

மூடியின் நடுவில் டேங்குக்குள் காற்றுப் போக ஒரு திருகு உண்டு. அது மூடியிருந்தால் உள்ளே காற்றுப் புகாது, பெட்ரோல் வராது, எஞ்சின் நின்றுவிடும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். திருகைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாகத் திறந்துதான் இருந்தது. அதைப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை நான். டேங்கும் புதுசு. ஆயுத பூஜை அன்றுதான் எஞ்சினோடு சேர்த்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து வைத்தான். என் கையால் மூடிமேல் அப்பிய சந்தனமும் குங்குமமும் இன்னும் உதிரக்கூட இல்லை. பூஜை போட்ட பொட்டை இங்கே யாரும் துடைக்க மாட்டார்கள், தானாக உதிர வேண்டும்.

ஆக, தப்பு அந்த உருண்டையில்தான். உள்ளே வால்வு கெட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

உருண்டை, குழாய் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. இன்று காலை மறுபடி நின்றதாம்.

மாசிலாமணியின் மனைவி சிவகாமி நேரே பட்டறைக்கு வந்துவிட்டாள். எஞ்சினைக் கடலூருக்குக் கொண்டுபோகிறோம், அங்கே கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிறார்களாம் என்றாள். இருபத்தெட்டு வருடமாக இந்தக் கரையில் எஞ்சின் பார்க்கிறேன். ஆற்றில் படகு வரும்போதே, அதன் சத்தத்தை வைத்து யாருடையது, என்ன கோளாறு என்று சொல்லியவன் நான். குஞ்சிதபாதம் காதைக் கொடுத்தால் போதும், எஞ்சினே வாயைத் திறந்து சொல்லிவிடும் என்று இந்த ஊரில் சொல்லாத ஆள் இல்லை. என்னிடம் வந்து கம்ப்யூட்டர் என்கிறாள். வெள்ளிக்கிழமைவரை டைம் கொடு, இல்லையென்றால் நானே வண்டி வைத்துக் கடலூருக்கு அனுப்புகிறேன் என்றேன். அவள் போகும்போது ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். என்ன என்று கேட்கப் பிடிக்கவில்லை.

மத்தியானம் மகள் திருப்பூரிலிருந்து போன் பண்ணினாள். வாய்க்குள்ளேயே பேசுகிறாள். ரெண்டு தடவை என்ன என்ன என்றேன். அம்மாகிட்டக் குடுங்கப்பா என்றாள், அது மட்டும் தெளிவாகக் கேட்டது. கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினேன். டிரம்மில் ஒரு மணி நேரம் ஓடியது. இந்த எஞ்சினுக்கு என்மேல் ஏதோ விரோதம் இருக்கிறது. நாளைக்கு ஆற்றுக்குள் மட்டும் ஓட்டிப் பார் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 15, புதன்

எழுதியே ஆக வேண்டும்.

நேற்று ஆற்றில் ஒழுங்காக ஓடியதாம். கால் மணி நேரம்தான் ஓட்டியிருக்கிறார்கள், முட்டாள்கள். அதை நம்பி இன்று விடியற்காலை வெளியே போயிருக்கிறார்கள். போகும்போது இரண்டு தடவை நின்றிருக்கிறது, கடல் அமைதியாக இருந்ததால் பொருட்படுத்தவில்லை. திரும்பி வரும்போது சரியாக முகத்துவாரத்தில் நின்றுவிட்டது. படகு பக்கவாட்டில் திரும்பியது. மாசிலாமணி கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க, செங்குட்டுவன் துடுப்பைப் போட்டுப் படகின் தலையை அலைக்கு நேராகத் திருப்பப் பார்த்திருக்கிறான். அலை துடுப்பைத் தூக்கி அவன் கையிலேயே அடித்தது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் ஒடிந்துவிட்டன. பின்னால் வந்த படகுக்காரர்கள் கயிறு வீசி இழுத்து வந்தார்கள். அவர்கள் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் இன்று இந்தத் தெருவில் இரண்டு சாவு.

மாசிலாமணி எஞ்சினையும் டேங்கையும் பட்டறை வாசலில் வைத்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மத்தியானம். என் கேனில் பெட்ரோல் இல்லை, அதனால் அவன் டேங்கையே மாட்டி டிரம்மில் ஓட்டினேன். இருபதாவது நிமிடத்தில் நின்றது. முதல் தடவையாக என் கண் முன்னால், என் பட்டறையில் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியானால் கோளாறு எஞ்சினில் இல்லை, டேங்கில் இருக்கிறது. பத்து நாளாக இதை ஒரு தடவை மாட்டிப் பார்க்காத என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். குனிந்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

தையல்நாயகி டீ கொண்டுவந்து பின்னால் நின்றிருக்கிறாள். தோளைத் தொட்டாள். திரும்பினேன்.

"என்னாங்க அது, பாம்பு மாதிரி சீறுது?" என்றாள்.

எது என்றேன்.

"மூடியத் தொறந்தீங்கள்ல, அப்ப. உஸ்ஸுன்னு இழுத்துச்சே."

அப்படி எதுவும் இல்லை, நான்தானே திறந்தேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். மூடியை மூடி, எஞ்சினை மறுபடி கிளப்பினேன். இருவரும் உட்கார்ந்திருந்தோம். அந்த இருபது நிமிடத்தில் டீ ஆறிப்போனது. எஞ்சின் நின்றதும், நீ திற என்றேன். அவள் திறந்தாள். நான் காதை மூடிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். புருவம் இரண்டும் மேலே ஏறியிருந்தன.

"கேட்டுதா?"

கேட்டது என்றேன்.

"இப்பவும் கேக்குதா, நின்னுபோச்சா?"

எந்தப் பதில் சரி என்று எனக்குத் தெரியாது. அவள் மூடியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடு, கையெல்லாம் கிரீஸ் என்று இழுத்துக்கொண்டேன்.

மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். திருகு திறந்திருக்கிறது, ஆனால் அதன் அடியில் காற்றுப் போகும் துளையில் வெளிச்சம் தெரியவில்லை. ஊசியை விட்டேன். சந்தனம் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. நான் அப்பியது. பூஜையன்று கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன், புது டேங்காயிற்றே என்று. உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் பெட்ரோல் இறங்க இறங்க வெற்றிடமாகி, எஞ்சினுக்குப் பெட்ரோல் வராமல் நின்றிருக்கிறது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே பாய்ந்து சரியாகியிருக்கிறது. அந்தச் சத்தம் ஒன்றே போதும், எந்த மெக்கானிக்கும் அந்த நிமிடமே சொல்லியிருப்பான்.

துளையைச் சுத்தம் செய்து ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். நிற்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

எஞ்சினை மாசிலாமணியிடம் கொடுத்துவிட்டேன். என்ன கோளாறு என்று கேட்டான். கார்ப்பரேட்டரில் ஒரு தூசி, கண்ணுக்கே தெரியாதது என்றேன். சந்தனம் என்று சொன்னால் பூஜையில் குறை, சாமி குத்தம் என்று ஊரே ஆரம்பித்துவிடும், அதனால்தான். ஒரு மணி நேரம் ஆற்றில் ஓட்டிவிட்டு வந்து, நீங்க விடமாட்டீங்கன்னு தெரியும்ணே என்றான். டீக்கடையில் நாலு பேர், குஞ்சிதம்னா குஞ்சிதம்தான் என்றார்கள். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

தையல்நாயகி, அவங்ககிட்ட என்ன சொன்னீங்க என்று கேட்டாள். எதிரில் நின்று, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். எனக்குக் காது செவிடு இல்லை, சாதாரணமாகவே பேசு என்று கத்தினேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

தெருவில் பிள்ளைகள் புஸ்வாணம் வைத்தார்கள். செங்குட்டுவன் மாவுக்கட்டுக் கையைத் துணியால் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் பற்றவைத்தான். ஆள் உயரத்துக்குப் பூப் பூவாய் எழுந்தது. அதற்கு ஒரு சத்தம் உண்டு, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான்கைந்து அடி தள்ளித்தான் நின்றேன். சத்தமே இல்லாமல் எரிந்து சத்தமே இல்லாமல் அணைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், அது கேட்டது.

எத்தனை வருடமாக இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். தையல்நாயகி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அண்ணன் தம்பி இருவரும் இருந்தார்கள். சிவகாமி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கார்ப்பரேட்டர் தூசி என்று சொன்னது பொய், நான் அப்பிய சந்தனம்தான் அடைத்துக்கொண்டது என்றேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். நிறுத்தியிருந்தால் அவர்களும் சரி என்று விட்டிருப்பார்கள். ஆனால் செங்குட்டுவனின் மாவுக்கட்டு எதிரிலேயே இருந்தது. மூடியைத் திறக்கும்போது சீறும் சத்தம் வரும், அதைக் கேட்டிருந்தால் அன்று படகிலேயே கண்டுபிடித்திருப்பேன், எனக்குக் காது கேட்கவில்லை என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையை வெளியே சொல்கிறேன்.

மாசிலாமணி எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்குக் கேட்டுச்சுண்ணே. தொறக்கும்போதெல்லாம் கேட்டுச்சு. நீங்க பக்கத்துலயேதான் குந்தியிருந்தீங்க. உங்க காதுக்குத் தப்புனதா எனக்குக் கேட்டுறப்போவுது? அது ஒண்ணும் இல்லாத சத்தம், அதான் அண்ணன் சொல்லலைன்னு இருந்துட்டேன்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான். முதல் தடவையே எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட்டது. அன்று ஆற்றில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவன் கேட்ட கேள்வி இதுதான். நான்தான் உள்ளே பாருடா என்று அதட்டினேன்.

சிவகாமி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இவன் கைக்கு என்ன பதில் என்று கேட்டாள். நல்ல உரக்கக் கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன். செங்குட்டுவன்தான் அண்ணியைச் சும்மா இருக்கச் சொன்னான். "போயிக் காதப் பாருங்கண்ணே. நாளைக்கு வேற எவனாவது மாட்டுவான்" என்றான். அவன் கோபமாகச் சொன்னானா, பரிதாபப்பட்டுச் சொன்னானா தெரியவில்லை. எதுவானாலும் சரிதான்.

அக்டோபர் 22, புதன்

பட்டறை திறக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

சிதம்பரத்தில் காது டாக்டரிடம் போனோம். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு டெஸ்ட் எடுக்க அனுப்பினார். கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே உட்காரவைத்து, காதை மூடுகிற மாதிரி ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். டெஸ்ட் எடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். சத்தம் வந்தா அழுத்துங்க சார், ரொம்பச் சின்னதா வந்தாலும் அழுத்துங்க என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பெஞ்சில் தையல்நாயகி.

முதலில் தடித்த சத்தங்கள் வந்தன. எஞ்சின் மெதுவாக ஓடுகிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் அழுத்தினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம், இந்தக் காதையா செவிடு என்றோம் என்று. நாலைந்து வந்திருக்கும். அப்புறம் நின்றுவிட்டது.

காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் எதையோ திருகினாள், என்னைப் பார்த்தாள், எழுதினாள். மறுபடி திருகினாள், பார்த்தாள், எழுதினாள். தையல்நாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிமிடம் ஆயிற்று, மூன்று நிமிடம் ஆயிற்று. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு மெஷினை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. எட்டிக் கண்ணாடியைத் தட்டினேன். அவள் கதவைத் திறந்தாள்.

"மெஷின் நின்னுபோச்சும்மா. பின்னாடி ஒயரு லூசா இருக்கும், பாரு" என்றேன்.

அவள் உள்ளே வந்து, என் ஹெட்போனைக் கழற்றி, எனக்கு எதிரில் குனிந்து, நான் வாயைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டாள்.

"நிக்கல சார். ஓடிக்கிட்டுதான் இருக்கு."

ஹெட்போனை நானே வாங்கி மாட்டிக்கொண்டேன். அவள் போய் உட்கார்ந்து மறுபடி திருக ஆரம்பித்தாள். நான் பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.